எல்.ஏ. நுவார்: மூன்று பொத்தான்களும் ஒரு தங்கையும்

பதினான்கு வருஷமாக இன்சூரன்ஸ் க்ளெய்ம் பார்க்கிறேன். பெரும்பாலும் தீ விபத்துகள். எரிந்த இடத்துக்குப் போய், கரியை மிதித்துக்கொண்டு நின்று, எதிரில் இருப்பவர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டு வருவதுதான் பிழைப்பு. அதனால் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஆள் வாயைத் திறந்ததுமே அது உண்மையா புளுகா என்று சொல்லிவிடுவேன் என்று. எல்.ஏ. நுவார் என்ற வீடியோ கேமை விளையாட ஆரம்பித்து மூன்றாவது நாளே அந்தக் கர்வத்தை மடித்து வைத்துவிட்டேன்.

விளையாட்டு புதிதில்லை. 2011 மே மாதம் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்கும் வந்தது. நான் விளையாடியது 2017ல் மெருகேற்றி விட்ட பிளேஸ்டேஷன் 4 பதிப்பு. உருவாக்கியது ஆஸ்திரேலியாவின் டீம் பாண்டி, வெளியிட்டது ராக்ஸ்டார். ராக்ஸ்டார் பெயரைப் பார்த்ததும் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ மாதிரி கார் திருடலாம், கண்டபடி சுடலாம் என்று உட்காருகிறவர்கள் அரைமணி நேரத்தில் எழுந்துவிடுவார்கள். இங்கே நாம் போலீஸ். நினைத்த நேரத்தில் துப்பாக்கியை உருவ முடியாது. நடைபாதையில் காரை ஏற்றினால் ஜனங்கள் துள்ளி விலகிவிடுகிறார்கள். கையில் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், பக்கத்து சீட்டில் ஒரு கூட்டாளி.

1947ஆம் வருஷத்து லாஸ் ஏஞ்சலஸ். இரண்டாம் உலகப் போரில் ஒகினாவா சண்டையில் பதக்கம் வாங்கித் திரும்பிய கோல் ஃபெல்ப்ஸ் ரோந்துப் போலீஸாகச் சேர்ந்து, போக்குவரத்து, கொலை, அப்புறம் விபசாரமும் போதையும் பார்க்கிற வைஸ் பிரிவு, கடைசியில் தீவைப்புப் பிரிவு என்று மேலே ஏறிக் கீழே விழுகிற கதை. முதல் பதிப்பில் மொத்தம் 21 வழக்குகள். ஒவ்வொன்றிலும் இடத்தைச் சோதிக்க வேண்டும். தடயத்துக்குப் பக்கத்தில் போனால் கையிலிருக்கும் கன்ட்ரோலர் லேசாக அதிரும். அந்த இடத்தில் எல்லாம் கிடைத்துவிட்டால் பின்னணி இசை நின்றுவிடும். இந்தச் சின்ன உபாயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நிஜத்திலும் குடோன் குடோனாக அலையும்போது இப்படி ஒரு இசை நின்று 'போதும், வீட்டுக்குப் போ' என்று சொன்னால் எத்தனை நன்றாக இருக்கும்.

சரி, முகங்களுக்கு வருவோம். இந்த விளையாட்டின் மொத்த மூலதனமும் அதுதான். நடிகரை நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் 32 கேமராக்களை நிறுத்தி, முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் அப்படியே பிடித்திருக்கிறார்கள். மோஷன்ஸ்கேன் என்று பெயர். இத்தனை வருஷம் கழித்தும் அந்த முகங்கள் பழசாகவில்லை. உதட்டைக் கடிப்பது, எச்சில் விழுங்குவது, சட்டென்று கண்ணைத் தாழ்த்துவது எல்லாம் தெரிகிறது. உடம்பைத் தனியாகப் பதிவு செய்து பிறகு ஒட்டியிருப்பதால், உயிருள்ள தலையைத் துணிக்கடை பொம்மையின் மேல் வைத்த மாதிரி சில இடங்களில் இருக்கும். அரைமணி நேரத்தில் கண் பழகிவிடுகிறது.

விசாரணையில் ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு எதிராளி நம்மைப் பார்த்தபடி இருப்பார். நாம் அவர் முகத்தைப் படித்து மூன்றில் ஒன்றை அழுத்த வேண்டும். முதல் பதிப்பில் உண்மை, சந்தேகம், பொய் என்று இருந்தது. 'சந்தேகம்' அழுத்தினால் ஃபெல்ப்ஸ், புருஷனைக் காணாமல் தவிக்கிற பெண்ணிடம்கூட மேஜையைக் குத்தாத குறையாகக் கத்துவார். ஆடுகிறவர் 'எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது' என்று நினைத்து அழுத்தினால் அவர் கொலைகாரனைப் பிடித்த மாதிரி பாய்வார். புதிய பதிப்பில் இதை நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றம் சாட்டு என்று மாற்றியிருக்கிறார்கள். இப்போது பாய்ச்சலுக்கு முன்னெச்சரிக்கையாவது இருக்கிறது. குற்றம் சாட்ட வேண்டுமென்றால் நோட்டிலிருந்து ஆதாரத்தை எடுத்துக் காட்ட வேண்டும். தப்பான ஆதாரத்தைக் காட்டினால் ஒரு சோகமான ஸ்வரம் ஒலிக்கும். என் வீட்டில் அந்த ஸ்வரம் மனப்பாடம்.

இங்கேதான் தங்கை வருகிறாள். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். நான் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாள். திரையைப் பார்க்கவே மாட்டாள். சிவப்புப் பேனா ஓடிக்கொண்டே இருக்கும். காது மட்டும் இங்கே. போக்குவரத்துப் பிரிவின் முதல் வழக்கில், ரயில் தண்டவாளத்தின் பக்கத்தில் ரத்தக் கறையோடு ஒரு கார் நிற்கிறது. ஓட்டி வந்தவரைக் காணோம். கொலை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் அந்த ஆளின் நண்பன் முகத்தை ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்து, 'பாவம், நிஜமாகவே தெரியாது போலிருக்கிறது' என்று நல்ல போலீஸ் ஆனேன். சோக ஸ்வரம்.

"அவன் பொய் சொல்றான்ணா" என்றாள் பேனாவை எடுக்காமல்.

"நீ முகத்தையே பாக்கலையே?"

"கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்றானே. ஹோம்வொர்க் எழுதாத பையன் அப்படித்தான் பேசுவான்."

அந்த வழக்கின் முடிவு அழகு. காரில் இருந்தது பன்றி ரத்தம். உயிருள்ள பன்றி வாங்கிய ரசீதுகூடக் கிடைக்கிறது. மனைவியை விட்டு ஓடிப்போக நினைத்தவன் தன் சாவைத் தானே ஜோடித்திருக்கிறான். என் தொழிலில் இந்த மாதிரி ஆளை ஒரு தடவையாவது பார்க்காதவர் கிடையாது. வாங்கிய பொருளின் ரசீதை எறியாமல் வைத்திருக்கிற பழக்கம்தான் பாதிப் பேரைக் காட்டிக்கொடுக்கிறது.

பிறகு நான் கணக்கு வைக்க ஆரம்பித்தேன். திரையைப் பார்க்காத தங்கை என்னைவிட அதிகமாகச் சரியாகச் சொன்னாள். கருவி எதுவும் இல்லாமல், பார்த்தும் கேட்டும் பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றி நடந்த பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்ததில், சராசரி மனிதர் சரியாகச் சொல்வது 54 சதவீதம்தான் என்று வந்தது. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைவிட ஒரு துளி மேல், அவ்வளவுதான். விளையாட்டில் நமக்கு அதைவிட நன்றாக வருவதற்குக் காரணம், நடிகரிடம் 'நீ பொய் சொல்கிறாய், அது முகத்தில் தெரியட்டும்' என்று சொல்லி வைத்திருப்பதுதான். நிஜத்தில் யார் அப்படி ஒத்துழைக்கிறார்கள்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு குடோன் எரிந்திருந்தது. சொந்தக்காரர் என் கண்ணைப் பார்க்கவில்லை. கேள்வி கேட்டால் விரலை நெரித்தார், வியர்த்தார், தேதியை மாற்றி மாற்றிச் சொன்னார். சந்தேகத்துக்கு இடமுள்ளது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறு விசாரணையில் மின்கசிவுதான் என்று தெரிந்தது. மனிதர் மறைத்தது வேறு விஷயம். ராத்திரியில் குடோனில் வேலையாள் ஒருவர் தூங்குவார், அவரை அன்றைக்கு மட்டும் தற்செயலாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த வேலையாள் உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பிலேயே மனிதர் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதை நான் திருட்டு முழி என்று படித்தேன். பணம் அவருக்கு ஏழு மாதம் தள்ளிப்போனது.

கொலைப் பிரிவின் இரண்டாவது வழக்கை விளையாடியபோது அவர் ஞாபகம்தான் வந்தது. இனி வருவதில் கதை கொஞ்சம் வெளியே தெரியும். விளையாடப் போகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு பெண் கொல்லப்பட்டிருக்கிறாள். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற மகள். கணவன் மனைவியை அடிக்கிறவன், ரத்தக்கறை படிந்த ஷூவை எரிக்கும்போது மாட்டுகிறான். இன்னொருவன் சிறுவர்களிடம் தவறாக நடந்து ஏற்கனவே தண்டனை பெற்றவன். இருவருக்கும் எதிராக ஆதாரம் இருக்கிறது. இருவரையும் விசாரித்து ஒருவன்மேல் வழக்குப் போட வேண்டும். கேப்டனுக்கு எது வேண்டும் என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது. முந்தைய குற்றவாளியைப் போட்டால் முதுகில் தட்டி ஐந்து நட்சத்திரம் தருகிறார்கள். கணவனைப் போட்டால் கேப்டன் திட்டுகிறார். நான் கணவனைத்தான் போட்டேன். ஷூதான் காரணம், அப்புறம் அவன் பேசிய தோரணை. திட்டு வாங்கினேன். திட்டு வாங்கியதால் நேர்மையான போலீஸ் என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன்.

பல மணி நேரம் கழித்துத் தெரிகிறது, இரண்டு பேருமே கொலை செய்யவில்லை. ஆதாரங்களைக் கொண்டுபோய்ப் போட்டது வேறொருவன். அம்மாவை இழந்த பெண்ணிடமிருந்து, எவ்வளவு கெட்டவனானாலும் இருந்த ஒரே அப்பாவையும் எடுத்துப் போனது நான். உண்மைக் கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு, அவன் பெரிய அரசியல்வாதி ஒருவரின் உறவு என்பதால் வெளியே மூச்சு விடக்கூடாது என்கிறார்கள். உள்ளே இருப்பவர்களைச் சத்தமில்லாமல் விடுவித்துக்கொள்வார்களாம். ஃபெல்ப்ஸுக்குப் பதவி உயர்வு வேறு.

விமர்சனம் எழுதுகிற பலர் இந்தக் கொலைப் பிரிவைத்தான் குறை சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் தப்பு என்றால் ஆட்டம் எதற்கு என்பது அவர்கள் வாதம். எனக்கு அதுதான் இதிலேயே உசத்தியான பகுதி. மற்ற துப்பறியும் விளையாட்டுகளில் தப்பு செய்தால் மறுபடி விளையாடித் திருத்திக்கொள்ளலாம். இங்கே திருத்த முடியாது, நட்சத்திரம் மட்டும் கூடும்.

ஆனால் இந்தப் பகுதியில் எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. இந்தக் கொலைகள் முழுக்கக் கற்பனை இல்லை. 1947 ஜனவரி 15ஆம் தேதி எலிசபெத் ஷார்ட் என்ற பெண்ணின் உடல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு காலி மனையில் கிடைத்தது. பத்திரிகைகள் அவளுக்கு பிளாக் டாலியா என்று பெயர் வைத்து விற்றன. இன்றுவரை அந்த வழக்கு முடியவில்லை. விளையாட்டு அதைச் சுற்றி ஐந்து வழக்குகள் பின்னி, தானே ஒரு முடிவும் கொடுக்கிறது. ஒவ்வொரு உடலுக்கும் பக்கத்தில் மண்டியிட்டு, கன்ட்ரோலர் குச்சியை ஆட்டி மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அன்றைக்குத் தங்கை தற்செயலாக நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கறியே, கூச்சமா இல்லையா உனக்கு?"

விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பதில் சொல்ல எனக்கும் எதுவும் இல்லை. ஆண் பிணங்களை இத்தனை விலாவாரியாகப் பார்க்க வைத்ததாக ஞாபகம் இல்லை.

சினிமாவுக்கு வருகிறேன். இந்த விளையாட்டு சினிமாவாகத்தான் ஆசைப்படுகிறது. படத்தை முழுக்கக் கறுப்பு வெள்ளையாக்க ஒரு வசதி இருக்கிறது. ஒரு ராத்திரி அப்படி ஓட்டிப் பார்த்தேன். மழைத் தெருவில் விளக்கு வெளிச்சம் பிரமாதம், ஆனால் எது ரத்தம் எது எண்ணெய் என்று தெரியாமல் இரண்டு தடயத்தைக் கோட்டை விட்டேன். நியூயார்க்கின் டிரைபெக்கா திரைப்பட விழா 2011ல் தேர்வு செய்து காட்டிய முதல் வீடியோ கேம் இதுதான். 50 தங்க நிற ஃபிலிம் டப்பாக்களை ஊர் முழுக்க ஒளித்து வைத்திருக்கிறார்கள். நான் ஏழு கண்டுபிடித்தேன். மிச்சத்தைத் தேடும் பொறுமை எனக்கில்லை.

சினிமாவைப் பற்றி உருப்படியாகப் பேசுகிற வழக்கு ஒன்று உண்டு. வாய்ப்புத் தேடி வந்த 15 வயதுப் பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்த தயாரிப்பாளர், மார்க்கெட் போன நடிகை, ரகசியக் கேமரா. கடைசித் துரத்தல், கைவிடப்பட்ட ஒரு பிரம்மாண்ட செட்டில் நடக்கிறது. ஓட ஓடக் கால் கீழே பலகைகள் சரிகின்றன. வெளியே யானைச் சிலைகள், உள்ளே உளுத்த மரம். அந்த ஊரைப் பற்றி வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. மலை மேல் இருக்கும் அந்தப் புகழ்பெற்ற எழுத்துகள் இதில் ஹாலிவுட்லேண்ட் என்று இருக்கும். தப்பில்லை. 1923ல் அதை நிறுத்தியது மனை விற்கிறவர்கள். வீட்டுமனை விளம்பரம்! 1949ல்தான் 'லேண்ட்' போய் ஹாலிவுட் மட்டும் நின்றது. விளையாட்டின் கடைசிப் பகுதி முழுக்க மனை, வீடு, அதை விற்கிறவர்கள் பற்றியது என்பதால் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

வன்முறை விளையாட்டு குற்றத்தை வளர்க்கிறதா என்று யாராவது கேட்டால் எனக்குச் சலிப்புதான் வருகிறது. இதே கலிஃபோர்னியாவில் வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்கத் தடை போட்டு 2005ல் ஒரு சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்ட ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர். வாழ்நாள் முழுக்கத் திரையில் எத்தனை பேரைச் சுட்டவர்! எல்.ஏ. நுவார் வந்த அடுத்த மாதம், 2011 ஜூன் 27ஆம் தேதி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைத் தள்ளியது. குழந்தைக் கதையில் பிள்ளைகள் சூனியக்காரியை அடுப்பில் வைத்துச் சுடுவதைத் தீர்ப்பில் உதாரணம் காட்டியிருந்தார்கள். நான் பார்த்த தீவைப்புக்காரர்களில் ஒருவர்கூட வீடியோ கேம் ஆடுகிறவர் இல்லை. கடன்காரர்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நகரம் கண்ணைப் பறிக்கிறது, ஆனால் அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அலங்கரித்த கல்யாண வீட்டுக்கு ஒரு நாள் முன்னாலேயே போய்விட்ட மாதிரி. பொத்தானை அழுத்திப் பிடித்தால் கூட்டாளியே காரை ஓட்டிவிடுவார், நான் பாதி நேரம் அப்படித்தான் போனேன். சுடுகிற காட்சிகள் சுமார். டீம் பாண்டியில் வேலை செய்தவர்கள் அளவுக்கு மீறிய வேலை நேரம் பற்றியும், உழைத்த பலரின் பெயர் கடைசிப் பட்டியலில் விடுபட்டது பற்றியும் வெளிப்படையாகப் பேசினார்கள். அந்த நிறுவனம் அதே 2011ல் மூடப்பட்டது. ஏமாற்றுகிற முதலாளிகளைப் பற்றிக் கதை எழுதிய இடத்தில் இது நடந்தது என்பதைப் பெயர்ப் பட்டியல் ஓடும்போது மறக்க முடியவில்லை.

பெரிய குறை ஒன்றுதான். ஃபெல்ப்ஸுக்கு மனைவி, குழந்தைகள் இருக்கிறார்கள். இடையில் ஜெர்மனியிலிருந்து வந்த பாடகி எல்சாவுடன் தொடர்பு ஏற்படுகிறது. அவள் வீட்டுக் கதவு வரை நான்தான் காரை ஓட்டிக்கொண்டு போகிறேன், ஆனால் எதற்குப் போகிறோம் என்று என்னிடமே சொல்லவில்லை. எல்லார் முகத்தையும் படிக்கச் சொன்ன விளையாட்டு, என் ஆளின் முகத்தை மட்டும் எனக்குக் காட்டவில்லை. கோபம் வந்தது.

ஆனால் அதை வைத்து அவர்கள் செய்திருக்கும் அரசியல் கச்சிதம். வைஸ் பிரிவின் ஊழல் பத்திரிகையில் வெடிக்கப் போகிறது. ஃபெல்ப்ஸின் கூட்டாளி ராய் ஏர்ல் ஒரு காரியம் செய்கிறான். கூட்டாளியின் கள்ளத்தொடர்பைப் பத்திரிகைக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறான். அடுத்த நாள் ஊர் முழுக்க அதே பேச்சு. லஞ்சத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நிஜ லாஸ் ஏஞ்சலஸில் 1949ல் வைஸ் போலீஸின் மாமூல் விவகாரம் வெடித்து போலீஸ் தலைவரே பதவியை விட்டுப் போனார். விளையாட்டில் அந்த அளவுகூட நடப்பதில்லை.

கடைசிப் பிரிவுதான் எனக்குச் சொந்த வீடு மாதிரி. தீவைப்பு. எரிந்த வீட்டில் கொசுவத்திச் சுருள் தடயமாகக் கிடைக்கிறது. மெல்லப் புகைந்து போய்க் கடைசியில் பற்ற வைக்கிற சாதனம், ஆள் அதற்குள் ரொம்ப தூரம் போயிருப்பான். திரையில் அதைப் பார்த்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அதன்பிறகு ஃபெல்ப்ஸை விட்டுவிட்டு ஜாக் கெல்சோ என்பவனாக ஆட வேண்டும். அவன் தொழில்? இன்சூரன்ஸ் க்ளெய்ம் விசாரணை! நான் ஆடிய எந்த விளையாட்டிலும் என் வேலையைச் செய்கிற ஆள் வந்ததில்லை. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கென்று கட்டுகிற வீடுகளை அவன் போய்ப் பார்க்கிறான். மரத்தில் முத்திரை. சினிமா செட் போடும் மரம், வீடு கட்ட உதவாதது. நெடுஞ்சாலை வரப்போகும் பாதையில் மனையை வளைத்து, அதில் அட்டை வீடு கட்டி, அரசாங்கத்திடம் நல்ல வீட்டுக்கான இழப்பீடு வாங்கும் திட்டம். ரத்தம், பிணம், ரகசியம் எல்லாம் முடிந்து கடைசியில் விஷயம் ஒரு எஸ்டிமேட்டில் வந்து நிற்கிறது. நான் பார்த்தவரை இப்படித்தான் நிற்கும்.

கெல்சோ யார் முகத்தையும் அதிகம் படிப்பதில்லை. கோப்பைப் படிக்கிறான்.

முடிவை முழுக்கச் சொல்லவில்லை. ஒரு சவ அடக்கம். ராய் ஏர்ல் எழுந்து நின்று, தானே காட்டிக்கொடுத்த மனிதனைப் புகழ்ந்து பேசுகிறான். குரல் தழுதழுக்கிறது. எல்சா எழுந்து வெளியே போய்விடுகிறாள். தங்கை அன்றைக்குக் கடைசிக் கட்டு விடைத்தாளில் இருந்தாள், மார்க்கைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்.

"இவன் பொய் சொல்றான்ணா. அழுத்து."

திரையில் பொத்தான் எதுவும் வரவில்லை.